வீட்டு ரூம்லயே பாட்டு ரெக்கார்டிங்: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஸ்ரீரங்கத்துல இருக்கேன். பகல்ல கணக்கு எழுதுற வேலை, மத்த நேரம் பாட்டும் கிட்டாரும். வீட்டோட பின்பக்க ரூம், பத்துக்கு பதினொன்னு அடி, அதுலதான் ஆறு வருஷமா ரெக்கார்டிங் பண்ணிட்டு இருக்கேன். பாட்டு கிளாஸ்ல கூட படிக்கிறவங்க, அவங்க பசங்க, ஆபீஸ்ல இருக்குறவங்கன்னு வாரத்துக்கு ஒருத்தராவது இதே சந்தேகங்களோட வர்றாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லும்போது ஏதாவது ஒன்னு விட்டுப்போகுது, அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதிலுக்கு முன்னாடி சொன்னது தேவைப்படும்.

அண்ணா, வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்ணணும்னா மொதல்ல என்ன வாங்கணும்?

ஒன்னும் வாங்க வேணாம். ரெண்டு வாரம் கையில இருக்குற ஃபோன்லயே பாடி எடுங்க. ரெக்கார்டர் ஆப்ல வேவ் ஃபைல்னு (சத்தத்தை சுருக்காம சேமிக்கிறது) செட்டிங் இருந்தா அதுக்கு மாத்திக்கோங்க, ஃபோனை வாயில இருந்து ஒரு முழம் தள்ளி ஒரு தலகாணி மேல வெச்சிட்டு, ஒரே பாட்டை ஹால்ல ஒரு தடவை, பெட்ரூம்ல ஒரு தடவை, துணி அலமாரியை தொறந்து போட்டு அதுக்கு முன்னாடி நின்னு ஒரு தடவை பாடுங்க. மூணையும் இயர்ஃபோன்ல கேளுங்க. மைக் அதேதான், குரலும் அதேதான், ஆனா மூணும் மூணு விதமா இருக்கும். அந்த வித்தியாசம் காதுக்கு பிடிபட்ட அப்புறம் கடைக்கு போனா தேவையில்லாததை வாங்க மாட்டீங்க.

அப்புறம் வாங்குறப்போ என்னோட வரிசை இது: காதை முழுசா மூடுற ஹெட்ஃபோன், மைக், இன்டர்ஃபேஸ் (மைக்கை கம்ப்யூட்டரோட சேக்குற பெட்டி), நல்ல வெயிட்டான ஸ்டாண்ட், கேபிள். ஹெட்ஃபோனை முன்னாடி வெக்கிறதுக்கு காரணம், சரியா கேக்கலன்னா எதை சரி பண்றதுன்னே தெரியாது. சாஃப்ட்வேருக்கு ஆடாசிட்டி ஃப்ரீ, மேக் இல்ல ஐஃபோன் வெச்சிருக்குறவங்களுக்கு கராஜ்பேண்ட் ஃப்ரீயாவே கிடைக்குது, ரீப்பரை 60 நாள் ட்ரையல்ல பழகிட்டு பிடிச்சா லைசன்ஸ் எடுக்கலாம். எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் ஒன்னை எடுத்து ஒரு வருஷம் அதுலயே இருங்க.

யூஎஸ்பி மைக் போதுமா, இல்ல இன்டர்ஃபேஸும் தனியா வாங்கணுமா?

நீங்க ஒருத்தர் மட்டும் பாடப்போறீங்க, ஒரு நேரத்துக்கு ஒரு மைக்தான்னா யூஎஸ்பி மைக் போதும், ஹெட்ஃபோன் சொருக மைக்லயே ஓட்டை இருக்குறதா பாத்து வாங்குங்க, ஏன்னு கீழ 'குரல் லேட்டா வருது'ங்கற கேள்வில சொல்றேன். பின்னாடி மிருதங்கமோ கிட்டாரோ சேரும்னு தோணுச்சுன்னா ரெண்டு இன்புட் இருக்குற இன்டர்ஃபேஸ் வாங்கிடுங்க, அது ரொம்ப வருஷம் உழைக்கும். என் இன்டர்ஃபேஸ் நான் மொதல்ல வாங்கினதேதான், மைக்தான் நடுவுல மாறிச்சு.

கண்டென்சர் மைக் வாங்குறதா, டைனமிக் வாங்குறதா? கடைக்காரர் கண்டென்சர்தான் ஸ்டூடியோ மைக்னு சொல்றாரு.

அவர் சொல்றது சரிதான், ஆனா ஸ்டூடியோ மைக்குக்கு ஸ்டூடியோ ரூம் வேணும். கண்டென்சர் மைக் இன்டர்ஃபேஸ்ல இருந்து 48 வோல்ட் வாங்கி வேலை செய்யும், அதைத்தான் பேன்டம் பவர்னு சொல்றாங்க. மெல்லிசான சத்தம்கூட அதுல தெளிவா விழும். உங்க குரலோட அழகும் விழும், பக்கத்து வீட்டு மிக்ஸியும் விழும், ரூமோட எதிரொலியும் விழும். டைனமிக் மைக் அவ்ளோ நுணுக்கமா கேக்காது, பக்கத்துல வாய் வெச்சு பாடினா குரலை மட்டும் பிடிச்சுக்கும். ஷூர் எஸ்எம்58னு 1966ல வந்த மேடை மைக் இன்னைக்கும் கச்சேரி மேடையில நிக்குதுன்னா அதுக்கு காரணம் இதுதான்.

தெரு மேல இருக்குற வீடு, சுவர் வெறுமையா இருக்குற ரூம்னா குரலுக்கு டைனமிக் வாங்குங்க. வீணை, வயலின், கிட்டார் எடுக்கணும்னா கண்டென்சர்தான் நல்லா இருக்கும். கண்டென்சர் வாங்கினா ஒரு விஷயம், நம்ம ஊர் ஈரக்காத்து அதுக்கு ஆகாது, அதுவும் சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரம்னா கேக்கவே வேணாம், வேலை முடிஞ்சதும் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டப்பாவுல மூடி வைங்க.

முட்டை அட்டை ஒட்டினா ரூம் சவுண்ட்ப்ரூஃப் ஆயிடுமா?

ஆகாது. இந்த கேள்வியை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். வெளிச்சத்தம் உள்ள வராம தடுக்கிறது ஒரு வேலை, உள்ள பாடுற சத்தம் சுவர்ல பட்டு திரும்பி வராம பண்றது வேற வேலை. மொத வேலைக்கு கனம் வேணும், இண்டு இடுக்கு இல்லாம அடைக்கணும், அதாவது கனமான சுவர், கனமான கதவு. வாடகை வீட்ல அது நடக்காது, கதவுக்கு கீழ இருக்குற சந்துல பழைய துணியை சுருட்டி வெக்கலாம், ஜன்னல் கதவை இறுக்கி சாத்தலாம், அவ்ளோதான்.

ரெண்டாவது வேலைக்கு தடிமன் வேணும். 100 ஹெர்ட்ஸ்ல வர்ற கனத்த கீழ் சத்தத்தோட ஒரு அலை கிட்டத்தட்ட 3.4 மீட்டர் நீளம், அதை ஒரு அட்டை என்ன பண்ண முடியும்? முட்டை அட்டையும் மெல்லிசு ஃபோமும் மேல் சத்தத்தை மட்டும்தான் லேசா குறைக்கும், கீழ் சத்தம் அப்படியே சுத்திட்டு இருக்கும், கடைசில குரல் மந்தமா கேக்கும். போதாததுக்கு முட்டை அட்டை சட்டுனு தீப்பிடிக்கும், அதை சுவர் பூரா ஒட்டுறது எனக்கு பயமா இருக்கு.

என் ரூம்ல இருக்குறது இலவம்பஞ்சு மெத்தை ரெண்டு. ஒன்னு எனக்கு பின்னாடி சுவர்ல சாத்தி நிக்குது, இன்னொன்னு பக்கவாட்டுல. தரையில பவானி ஜமுக்காளம். துணி அலமாரி தொறந்தபடி. நடு ரூம்லயும் நிக்காம, சுவரை ஒட்டியும் நிக்காம பாடுறேன். சரியா இருக்கான்னு பாக்க கை தட்டிப் பாருங்க, "டங்"னு ஒரு சின்ன உலோகச் சத்தம் பின்னாடியே வந்துச்சுன்னா இன்னும் துணி வேணும், வெறும் தட்டு மட்டும் கேட்டா போதும்.

ஃபேன் போட்டா சத்தம் வருது, போடலன்னா வேர்த்து கொட்டுது, என்னதான் பண்றது?

ஃபேனை நிறுத்தித்தான் ஆகணும். சீலிங் ஃபேன் ரெண்டு விதமா கெடுக்குது, மோட்டாரோட உறுமல் ஒன்னு, காத்து மைக் மேல அடிக்கிறது ஒன்னு. அதோட சத்தம் சுத்தி சுத்தி ஏறி இறங்குறதால சாஃப்ட்வேர்ல எடுத்தாலும் முழுசா போகாது, குரலையும் சேத்து தின்னுடும்.

நான் பண்றது இப்படி. மொதல்ல ஒரு வாரம் நோட்டுல எங்க தெரு சத்தத்தை நேரம் போட்டு எழுதினேன். காலையில பால் வண்டி, கீழ் வீட்டு மோட்டார், குக்கர் விசில், ஸ்கூல் வேன், சாயங்காலம் பசங்க கிரிக்கெட். மதியம் ரெண்டுல இருந்து மூணேகால் வரைக்கும், அப்புறம் ராத்திரி பத்தரைக்கு மேல, இந்த ரெண்டு நேரம்தான் காலியா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மதியம்தான் என் ரெக்கார்டிங் நேரம்னு ஆனது அப்படித்தான். மார்கழில மட்டும் இந்த கணக்கு செல்லாது, கோயில் ஒலிபெருக்கி விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும், நான் அந்த மாசம் பாட்டு எழுதுறதோட நிறுத்திக்குவேன்.

ஏசி இருக்குறவங்க அரை மணி நேரம் முன்னாடி ஓட்டி ரூமை குளுத்திட்டு அணைச்சிட்டு பாடுங்க. இல்லாதவங்க பல்லவி, அனுபல்லவி, சரணம்னு பிரிச்சு எடுங்க, ஒரு பகுதி முடிஞ்சதும் ஃபேன் போட்டு தண்ணி குடிச்சிட்டு அடுத்தது. ஒவ்வொரு தடவையும் பாடுறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் சும்மா நின்னு ரூமோட அமைதியையும் ரெக்கார்ட் பண்ணிடுங்க, பின்னாடி ஒட்டு போடுறப்போ நடுவுல அதை வெச்சா வெட்டினது தெரியாது.

சார், நான் பாடவே இல்ல, ஆனா ரெக்கார்டிங்ல "ம்ம்ம்"னு ஒரு சத்தம் இருக்கு.

அது கரண்ட். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால 50, 100, 150ன்னு அடுக்கடுக்கா உறுமும். லேப்டாப் சார்ஜரை கழட்டிட்டு பேட்டரில ஓட்டி பாருங்க. சத்தம் நின்னுடுச்சுன்னா சார்ஜரோ எர்த்தோதான் காரணம். நிக்கலன்னா மைக் கேபிளை கரண்ட் வயர் பக்கத்துல இருந்து தள்ளி போடுங்க, ரெண்டும் ஒன்னை ஒன்னு தாண்டியே ஆகணும்னா குறுக்கா தாண்டட்டும், பக்கத்து பக்கத்துல ஓட வேணாம்.

எங்க வீட்ல மூணு மாசம் இந்த உறுமலோட போராடினேன், கேபிள்கூட மாத்தி பாத்தேன். கடைசில எலக்ட்ரீஷியன் சாக்கெட்டை கழட்டினா எர்த் வயர் எதுலயும் மாட்டாம சும்மா தொங்கிட்டு இருக்கு. மாட்டின நிமிஷமே சத்தம் போச்சு. சத்தம் போகுதுன்னு சொல்லி ப்ளக்ல இருக்குற எர்த் பின்னை உடைச்சிட்டு போடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஷாக் அடிச்சா உயிருக்கே ஆபத்து.

லெவல் எவ்ளோ வெக்கணும்? சிவப்பு வர்ற வரைக்கும் ஏத்தினா நல்லா இருக்குமா?

சிவப்பு வந்தா அந்த இடம் போச்சு, திரும்ப கொண்டுவர முடியாது. 24 பிட்ல (பிட்னா சத்தத்தை எவ்ளோ நுணுக்கமா அளந்து எழுதுதுன்னு சொல்ற செட்டிங்) ரெக்கார்ட் பண்ணுங்க, உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல நிக்கிற மாதிரி வைங்க, சிவப்பு வர்றது 0ல. 16 பிட்டுக்கு 96 டெசிபல் இடம்தான், 24 பிட்டுக்கு கணக்குப்படி 144, அதனால குறைவா எடுத்தா இரைச்சல் ஏறும்னு பயப்பட வேணாம். செக் பண்றப்போ "ஹலோ ஹலோ" சொல்லாதீங்க, பாட்டுலயே உச்சத்துல போற சங்கதியை முழு குரல்ல பாடி செக் பண்ணுங்க. பாடப் பாட குரல் சூடாகி சத்தம் ஏறும், அதுக்கும் இடம் விடணும்.

44.1ஆ, 48ஆ, 96ஆ?

இது சாம்பிள் ரேட், செகண்டுக்கு எத்தனை ஆயிரம் தடவை சத்தத்தை அளக்குதுன்னு. பாட்டு மட்டும்னா 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோவும் உண்டுன்னா 48. நம்ம காது கேக்குறது 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான், ரெண்டுமே அதை தாண்டி பிடிக்குது. 96 போட்டா ஃபைல் ரெண்டு மடங்காகும், வீட்டு வேலைக்கு அதுல லாபம் இல்ல.

ஹெட்ஃபோன்ல என் குரல் எனக்கே லேட்டா வருது, தாளம் தப்பிடுது.

முதல் கேள்வி: ப்ளூடூத் ஹெட்ஃபோனா? ஆமான்னா அதை வெச்சுட்டு வயர் போட்டதை எடுங்க, ப்ளூடூத்ல வர்ற தாமதத்தோட பாடவே முடியாது. வயர்லயும் லேட்டா வருதுன்னா சாஃப்ட்வேர்ல பஃபர் சைஸை பாருங்க, கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எவ்ளோ சத்தத்தை சேத்து வெச்சு அனுப்புதுன்னு சொல்றது அது. 44.1ல 512 சாம்பிள்னா 11.6 மில்லிசெகண்ட், அது உள்ள போறப்போ ஒரு தடவை, வெளிய வர்றப்போ ஒரு தடவை. 128க்கு இறக்கினா 2.9தான். ஒரு மில்லிசெகண்ட்ல சத்தம் காத்துல சுமார் ஒரு அடி போகும், அப்படி பாத்தா 512ல உங்க குரல் இருபத்திமூணு அடி தள்ளி நின்னு கேக்குது. விண்டோஸ்னா இன்டர்ஃபேஸ் கம்பெனியோட ஏசியோ டிரைவரை (தாமதத்தை குறைக்கிற சாஃப்ட்வேர்) போடுங்க.

இதைவிட சுலபமா ஒன்னு இருக்கு, இன்டர்ஃபேஸ்ல டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினா குரல் கம்ப்யூட்டருக்குள்ள போயி வராம நேரா காதுக்கு வரும். யூஎஸ்பி மைக்லயே ஹெட்ஃபோன் ஓட்டை வேணும்னு சொன்னது இதுக்குத்தான்.

"ப" வர்ற இடத்துல எல்லாம் டப் டப்னு அடிக்குது.

வாயில இருந்து வர்ற காத்து மைக் மேல மோதுது. பாப் ஃபில்டர் (வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல வெக்கிற வலை) ஒன்னு போடுங்க, அதுக்கும் மைக்குக்கும் நடுவுல நாலு விரல் இடம் விடுங்க, மைக்கை வாய்க்கு நேரா வெக்காம கொஞ்சம் பக்கவாட்டுல இருந்து வாயை பாக்குற மாதிரி திருப்புங்க. "ச", "ஸ" கீச்சுன்னு குத்துறதும் இந்த திருப்பல்லயே பாதி அடங்கிடும். ரொம்ப கிட்ட போனா குரல்ல கீழ் சத்தம் வீங்கும், கண்டென்சருக்கு ஒரு சாண் தூரம் என் கணக்கு.

தம்புரா ஆப்பை ஸ்பீக்கர்ல போட்டுட்டு பாடலாமா?

போடாதீங்க, ஸ்பீக்கர்ல இருந்து வர்ற தம்புரா குரல் ட்ராக்லயும் விழும், அப்புறம் ஒட்டு போடுற ஒவ்வொரு இடத்துலயும் தம்புரா தடுக்கி விழுற மாதிரி கேக்கும். அதை தனி ட்ராக்கா வெச்சுட்டு ஹெட்ஃபோன்ல கேட்டு பாடுங்க. ரெண்டு காதும் மூடினா சுருதி விலகுதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான், ஒரு காதை தொறந்து வெச்சு பாடுங்க.

பின்னாடி கிட்டாரோ கீபோர்டோ சேக்கப்போறீங்கன்னா சுருதியை கட்டையில (நம்ம பாட்டுல சுருதிக்கு சொல்ற அளவு) சரியா வைங்க. 1 கட்டைன்னா கீபோர்டோட சி, 2ன்னா டி, 4ன்னா எஃப், 5ன்னா ஜி, அரைக்கட்டை எல்லாம் நடுவுல இருக்குற ஷார்ப். ஆப்ல ஃபைன் ட்யூன் கொஞ்சம் தள்ளி இருந்துச்சுன்னா தனியா பாடுறப்போ தெரியாது, கிட்டார் சேந்ததும் ரெண்டும் சண்டை போடும்.

ஆட்டோட்யூன் போட்டா சுருதி சேந்துடும் இல்ல?

அது 1997ல வந்தப்போ மேற்கத்திய பாட்டை மனசுல வெச்சு பண்ணது, பக்கத்துல இருக்குற ஸ்வரத்துல கொண்டுபோயி நிறுத்துறதுதான் அதோட வேலை. நம்ம பாட்டுல ஸ்வரம் நிக்கவே நிக்காது. தோடில காந்தாரம் பாடுறப்போ அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல அசைஞ்சுட்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. ஆட்டோட்யூன் அந்த அசைவை தப்புன்னு நினைச்சு படிக்கட்டு மாதிரி வெட்டிடும், ராகமே போயிடும்.

கமகம், அதாவது அந்த அசைவு, இல்லாம நீட்டி நிக்கிற ஒரு ஸ்வரம், கடைசி ஷட்ஜம் மாதிரி, லேசா இறங்கிடுச்சுன்னா அந்த ஒன்னை மட்டும் கையால கிராஃப்ல தூக்கலாம். மத்தபடி திரும்ப பாடுங்க. நாலாவது தடவைக்கு மேல வரலன்னா அன்னைக்கு விட்டுட்டு மறுநாள் பாடுங்க, நான் ஒரு விருத்தத்தை மூணு ஞாயித்துக்கிழமை பாடியிருக்கேன்.

மிருதங்கத்துக்கு ஒரு மைக் போதுமா? வீணைக்கு எங்க வெக்கணும்?

மிருதங்கத்துக்கு ரெண்டு இருந்தா நல்லது, வலந்தலைக்கு (வலது பக்கம்) ஒன்னு, தொப்பிக்கு (இடது பக்கம்) ஒன்னு, ஒவ்வொன்னும் தோல்ல இருந்து ஒரு அடி தள்ளி. ரெண்டையும் மோனோல, அதாவது ஒரே சேனலா, சேத்து கேளுங்க, தொப்பியோட கும்கி (கும்முனு வர்ற கீழ் சத்தம்) மெலிஞ்சு போச்சுன்னா ஒரு ட்ராக்ல அலையை தலைகீழா மாத்துற ஃபேஸ் பட்டனை தட்டிப் பாருங்க, எது நிறைவா கேக்குதோ அதை வெச்சுக்கோங்க. ஒரே மைக்தான்னா வாசிக்கிறவருக்கு எதிர்ல ரெண்டு மூணு அடி தள்ளி வைங்க. தொப்பில தடவுற ரவை காயக் காய சத்தம் மாறும், ரெண்டு டேக்கை ஒட்டணும்னா நடுவுல ரொம்ப நேரம் விடாதீங்க.

வீணைக்கு குடத்துக்கு முன்னாடி ஒன்றரை அடி தள்ளி, மீட்டுற விரலுக்கும் குடத்துக்கும் நடுவுல பாக்குற மாதிரி ஒரு கண்டென்சர். இன்னும் கிட்ட போனா நகம் படுற சத்தம்தான் முன்னாடி நிக்கும்.

மிக்ஸ் என் ஹெட்ஃபோன்ல சூப்பரா இருக்கு, அப்பா ஃபோன்ல கேட்டா சொதப்புது.

ஃபோன் ஸ்பீக்கர்ல கீழ் சத்தம் வராது, ஹெட்ஃபோன்ல நீங்க ஆசைப்பட்டு ஏத்தின பேஸ் எல்லாம் அங்க காணாம போயிடும். குரல் ட்ராக்ல 80 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டிடுங்க, அங்க குரல் இல்ல, உறுமல்தான் இருக்கு. ரிவர்பை (சாஃப்ட்வேர்ல சேக்குற எதிரொலி) உங்களுக்கு பிடிச்ச அளவுக்கு வெச்சுட்டு அதுல பாதியா குறைங்க. ராத்திரி முடிச்ச மிக்ஸை காலையில காது புதுசா இருக்குறப்போ ஃபோன், டிவி, கார் மூணுலயும் கேளுங்க, எங்க வார்த்தை புரியலையோ அதை நோட்டுல எழுதுங்க.

யூடியூப்ல போட்டா மத்தவங்க பாட்டைவிட என்னுது சத்தம் கம்மியா இருக்கு.

லெவல் கேள்வில குறைவா எடுங்கன்னு சொன்னது ரெக்கார்டிங்குக்கு மட்டும்தான், கடைசில வெளிய விடுறப்போ ஏத்தணும். யூடியூப் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (பாட்டு மொத்தமா எவ்ளோ சத்தமா கேக்குதுன்னு சொல்ற அளவு) மேல இருந்தா இறக்கும், கீழ இருந்தா ஏத்தி விடாது. ஒரு லிமிட்டர் (உச்சத்தை ஒரு எல்லைக்குள்ள பிடிச்சு நிறுத்துற டூல்) போட்டு உச்சம் மைனஸ் 1ஐ தாண்டாம அந்த அளவு பக்கத்துல கொண்டுவாங்க. அதுக்கு மேல நசுக்கினா யூடியூப் திரும்ப இறக்கிடும், பாட்டுல ஏத்த இறக்கம் செத்ததுதான் மிச்சம்.

சினிமா பாட்டை கவர் பண்ணி போட்டா கேஸ் வருமா? பாரதியார் பாட்டுன்னா?

1957 காப்புரிமை சட்டப்படி பாட்டும் வரியும் எழுதினவங்க வாழ்நாளும் அதுக்கு அப்புறம் 60 வருஷமும் அவங்களுக்கு சொந்தம். 2012 திருத்தத்துல கவருக்கு ஒரு வழி இருக்கு, ஆனா பாட்டு முதல்ல ரெக்கார்ட் ஆன வருஷம் முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், வருஷத்துக்கு குறைஞ்சது 50,000 காப்பிக்கான ராயல்டி கட்டணும், பொழுதுபோக்கா பாடுற நமக்கு அது ஒத்துவராது. யூடியூப்ல பெரும்பாலும் நடக்குறது, உரிமைக்காரங்க க்ளெய்ம் போட்டு விளம்பரப் பணத்தை எடுத்துக்குவாங்க, சில நேரம் வீடியோவையே தூக்கிடுவாங்க. கரோக்கி ட்ராக் இன்னொருத்தரோட ரெக்கார்டிங், அதுக்கு உரிமை தனி.

பாரதியார் 1921லயும் தியாகராஜர் 1847லயும் போயிட்டாங்க, அவங்க எழுதினதை தாராளமா பாடலாம். ஆனா பாரதி வரிக்கு பின்னாடி வேற ஒருத்தர் போட்ட மெட்டு புதுசா இருந்தா மெட்டுக்கு அவர்தான் சொந்தக்காரர். நீங்களே மெட்டு போடுங்க, நான் கிட்டார் எடுத்து உக்காந்தது அப்படி ஒரு ஆசையிலதான்.

எங்க பாட்டி பாடின கேசட் ஒன்னு இருக்கு, அதை கம்ப்யூட்டருக்கு மாத்த முடியுமா?

முடியும், இதை தள்ளிப் போடாதீங்க. மொதல்ல கேசட்டுக்குள்ள டேப்பை ஹெட் மேல அழுத்துற சின்ன ஸ்பாஞ்ச் இருக்கான்னு பாருங்க, டேப் மேல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா ஓட்டாதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. நல்லா இருந்தா ப்ளேயரோட ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுல துடைச்சிட்டு, கேசட்டை ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டி திரும்ப சுத்துங்க, ஒட்டிக்கிட்டு இருக்குற டேப் தளரும். அப்புறம் ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்தோ லைன் அவுட்ல இருந்தோ இன்டர்ஃபேஸுக்கு கேபிள் போட்டு 24 பிட்ல ஒரு பக்கம் முழுக்க நிறுத்தாம எடுங்க. அரை மணி நேரத்துக்கு 48ல ஸ்டீரியோன்னா சுமார் 520 எம்பி ஆகும். அந்த ஃபைலை தொடாதீங்க, இரைச்சல் குறைக்கிறது எல்லாம் காப்பில பண்ணுங்க, ரெண்டு வேற வேற இடத்துல வைங்க.

ப்ளேயர் மோட்டார் வேகம் மாறியிருந்தா பாட்டி குரல் மெலிசாவோ தடிச்சோ கேக்கும். வீட்ல பெரியவங்களை கேளுங்க, அவங்க சுருதிப்பெட்டி எத்தனை கட்டைன்னு. 5 கட்டைன்னு சொல்றாங்க, ஆனா ரெக்கார்டிங்ல ட்யூனர் அஞ்சரை காட்டுதுன்னா டேப் ஆறு சதவீதம் வேகமா ஓடுதுன்னு அர்த்தம். சாஃப்ட்வேர்ல ஸ்பீடுன்னு இருக்குறதை மாத்துங்க, பிட்ச்சை மட்டும் மாத்தாதீங்க, வேகமும் சுருதியும் சேந்து இறங்கணும். எங்க பாட்டி கேசட்டை அப்படி சரி பண்ணி போட்டுக் காட்டினப்போ, அம்மா அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காந்து ரெண்டு பக்கமும் கேட்டாங்க.